இடது பிரேக்கின் பதற்றம்

டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்றில் இரண்டு பிரேக்குகள் குடியிருந்தன. வலது பிரேக், ஓட்டப் பழகுகிறவருக்கு. இடது பிரேக், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவருக்கு. நடுவில் ஒரு கம்பி இருந்ததால், இடது அமுங்கினால் வலதும் கூடவே அமுங்கிவிடும்.

இடது பிரேக்குக்கு நிம்மதி என்பதே கிடையாது. தூரத்தில் ஒரு ஆட்டோ திரும்பினாலே அமுங்கத் துடிக்கும்.

அந்தக் காரில் ஓட்டப் பழகிய பெனாசிருக்கு அன்று லைசென்ஸ் டெஸ்ட். தேறிவிட்டால் இனிமேல் எல் போர்டு இல்லாமல், துணைக்கு ஆள் இல்லாமல், தனியாகவே ஓட்டலாம். இடது பக்கம் டெஸ்ட் எடுக்கும் இன்ஸ்பெக்டர் ஏறி உட்கார்ந்து, தன் பிரேக்கின்மேல் சும்மா பாதத்தை வைத்துக்கொண்டார்.

"நான் இதை மிதிக்கிற மாதிரி வெச்சுக்காதம்மா. மிதிச்சா ஃபெயில்தான்."

கார் கிளம்பியது.

"தம்பி, பொண்ணுக்குக் கை நடுங்குதுடா," என்றது இடது பிரேக்.

"கைதானே நடுங்குது? கால் நடுங்கலைண்ணே," என்றது வலது.

டீக்கடை ஓரத்திலிருந்து ஒரு நாய் ரோட்டில் இறங்கியது. அவ்வளவுதான். இடது பிரேக்கால் பொறுக்க முடியவில்லை. இன்ஸ்பெக்டரின் பாதத்தையும் இழுத்துக்கொண்டு அடிவரை அமுங்கியது. கார் குலுங்கி நின்றது. நாய் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது.

இன்ஸ்பெக்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார். "நானே மிதிக்க வேண்டியதாப் போச்சு. அடுத்த மாசம் வாம்மா."

பெனாசிர் இறங்கிப் போனாள்.

"நல்லவேளை, நான் இருந்தேன்," என்று பெருமூச்சு விட்டது இடது பிரேக்.

வலது பிரேக் மெல்லத் தன் இடத்துக்கு மேலேறி வந்து சொன்னது:

"அவ கால் அப்பவே என் மேல வந்துடுச்சுண்ணே. நாயை நாங்களும் பார்த்தோம்."