பன்னிரண்டாவது ஸ்குரூ

முதல் மேசையில் இருந்த ராக்கெட்டைப் பார்த்ததுமே எனக்குக் குமட்டியது.

மாடல் கிட் பெட்டியில் வந்ததை வந்தபடியே ஒட்டி வைத்திருந்தான். சிறகுகள் சப்பாத்திப் பலகை கனத்தில். ஸ்குரூ இருக்கவேண்டிய இடத்தில் ஸ்டிக்கரில் அச்சடித்த புள்ளிகள். போதாக்குறைக்கு மேலே பளபளவென்று வெள்ளிப் பெயிண்ட், கல்யாணக் கார் மாதிரி.

இரண்டாவது மேசை அதைவிட மோசம். மூக்குக் கூம்பு கோணிக்கொண்டு நின்றது. அதைச் செய்தவன் பக்கத்திலேயே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சங்கரன்கோவிலில் ராக்கெட் மாடல் போட்டி என்றபோதே வர யோசித்தேன். பேச்சிராஜா அண்ணாச்சி நடுவராக வந்தால்தான் மதிப்பு என்று கெஞ்சினார்கள். வந்தேன். கல்யாண மண்டபத்து மாடியில் பதினேழு மேசைகள், பதினாறு குப்பைகள்.

எல்லோருக்கும் ஒரே கிட்தான். ஒன்பது மீட்டர் உயர ஆய்வு ராக்கெட் ஒன்றைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கியது. இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் கிளம்பி, நாற்பத்தோராவது வினாடியில் பக்கவாட்டு மூடி பிய்ந்து கடலில் விழுந்த ராக்கெட். மூடி ஏன் பிய்ந்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்த சூப்பர்வைசர் சங்கரலிங்கத்தின் வேலைதான் போனது.

அந்தக் கதையை என் யூடியூப் சேனலில் நாற்பது நிமிடம் சொல்லியிருக்கிறேன். அந்த ஆளைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். ‘கண்ணைத் திறந்து பார்க்கத் தெரியாதவனுக்கு ராக்கெட் ஒரு கேடா?’ என்று நான் கேட்ட இடத்தைத் தனியாக வெட்டி எடுத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள்.

கடைசி மேசையில் ஒரு பெண் நின்றாள். ஐம்பது வயது இருக்கும். வாசுதேவநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறாள். மாடலைப் பொதிந்து கொண்டுவந்த துண்டு இன்னும் தோளில் கிடந்தது. அட்டையில் ஜெயசித்ரா என்று எழுதியிருந்தது.

பிள்ளை செய்ததற்குக் காவல் நிற்கிறாள் என்று நினைத்தேன். “பையன் எங்கம்மா? டீ குடிக்கப் போயிட்டானா?”

“நாந்தான் சார் செஞ்சேன்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தேன். அடக்கவேண்டிய தேவையே இல்லாமல் போனது.

கிட்டில் வந்த சிறகுகளை எறிந்துவிட்டு, மெல்லிய அலுமினியத் தகட்டில் வெட்டிப் பொருத்தியிருந்தாள். மூக்கு நுனிக் குழாய்க்கு இஞ்செக்‌ஷன் ஊசி. ஆன்டெனாவுக்கு விசைத்தறி அச்சிலிருந்து உருவிய கம்பி. பக்கவாட்டு மூடியில் ஸ்டிக்கர் இல்லை. பழைய கைக்கடிகாரங்களிலிருந்து கழற்றிய ஸ்குரூக்கள், ஒவ்வொன்றும் கடுகில் பாதி. ஸ்குரூத் தலைகளில் இருந்த கீற்றுகள்கூட ஒரே திசையில் இருந்தன.

இதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் நான் எதற்கு நடுவர்? பூதக்கண்ணாடியை எடுத்தேன். எண்ணினேன்.

பதினொன்று. கீழ் மூலையில் வெறும் துளை.

அப்பாடா என்றிருந்தது.

எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். “மூடிக்கு மொத்தம் பன்னெண்டு ஸ்குரூம்மா. படத்துல தெளிவாப் போட்டிருக்கு. ஒண்ண முழுங்கிட்டியே! இம்புட்டு மெனக்கெட்டு என்ன பிரயோசனம்?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். மார்க் தாளில் குறைத்து எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வேடிக்கை பார்த்தவர்கள் அடுத்த பக்கம் நகர்ந்தார்கள்.

அவள் முகம் வாடவில்லை. ரொம்ப நேரம் காத்திருந்த பஸ் வந்துவிட்டது மாதிரி ஒரு மூச்சு விட்டாள்.

“பன்னெண்டுதான் சார் இருக்கணும். நான் பதினொண்ணுதான் மாட்டுனேன்.”

“அதத்தான நானும் சொல்லுதேன்.”

“இதுல இல்ல சார். நெச ராக்கெட்டுல.”

பூதக்கண்ணாடியைக் கீழே இறக்கினேன்.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. ஐடிஐ முடித்து, அந்த ராக்கெட்டைப் பூட்டிய இடத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமாம். அந்த மூலைத் துளையில் மட்டும் மரை தேய்ந்து, ஸ்குரூ பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததாம்.

“சொன்னா எல்லாத்தையும் கழட்டணும், ரெண்டு நாள் தள்ளிப்போவும். என் வேல போயிருமோன்னு பயம். துளைய அடைச்சு மேல பெயிண்டத் தடவிட்டு, பன்னெண்டுன்னு எழுதிக் குடுத்தேன். சங்கரலிங்கம் சார் என்னைய நம்பித்தான் கையெழுத்துப் போட்டாரு. விசாரணையில நான் வாயத் தொறக்கல. அவரு செத்து நாலு வருசமாச்சு. போன மாசம் ஒங்க வீடியோவப் பாத்தேன் சார்…”

துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“இங்கன கொண்டாந்தா நீங்க எண்ணுவீங்கன்னு தெரியும்” என்றாள் பிறகு. “இதுவரைக்கும் யாரும் எண்ணல.”

பூதக்கண்ணாடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தேன்.

அவள் என்னிடமிருந்த தாளை எட்டிப் பார்த்தாள்.

“இதுக்கு எத்தன மார்க் சார் கொறைச்சீங்க?”

“ரெண்டு.”

“ரெண்டுதானா?” என்றாள்.