சீல் உடையாத வினிகர்

அம்மாவுக்கு மறுபடியும் நெஞ்சில் கிருமித் தொற்று என்று கேட்டு ஓடிவந்த அக்கா, வந்ததும் வராததுமாகச் சமையலறை ஜன்னல் வெயிலில் மருந்தை ஆவியாக இழுக்கும் நெபுலைசர் மாஸ்க்கைத் தூக்கிப் பார்க்கிறாள். மூக்கு படும் மடிப்பில் மஞ்சளாய்ப் பிசுக்கு. மருந்து ஊற்றும் கிண்ணத்தின் அடியில் கறுப்புப் புள்ளிகள். முன்னறையில் அம்மாவின் இருமல் அடி நெஞ்சிலிருந்து இழுத்துக்கொண்டு வருகிறது.

"தினமும் கழுவுறியாடா?"

"பின்ன? நீ வாங்கிக் குடுத்த வினிகரைத் தண்ணியில கலந்து, ஊற வச்சு, காய வச்சுத்தான் குடுக்கிறேன்." முன்னறையில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. போனில் மாதக்கணக்காக அவள் கேட்டு நிம்மதியாகத் தூங்கிய அதே பதில். அக்கா அலமாரியைத் திறக்கிறாள். வினிகர் பாட்டில் அவள் வைத்துவிட்டுப் போன மூலையிலேயே நிற்கிறது, தோளெல்லாம் தூசியும் கழுத்தில் உடையாத சீலுமாக. அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொள்கிறாள்.

"கழுவுறான்மா. நான்தான் பக்கத்துல நின்னு பாக்கிறேனே."

அக்கா மூடியைத் திருகுகிறாள். சீல் உடையும் சத்தம் வீடு முழுக்கக் கேட்கிறது. உடனே டிவியின் சத்தம் கூடுகிறது. அவள் திரும்பிப் பார்க்கிறாள். ரிமோட் அம்மாவின் கையில் இருக்கிறது.