அச்சுக்கு நடுவே கடுகளவு ஈயம்

அமெரிக்காவின் மொன்டானாவில் பனிக்கால வெயில் கராஜ் கதவுக்கடியில் கோடாகக் கிடக்கிறது. வெர்னன் உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்து, துப்பாக்கிக் குண்டைத் துணிமேல் தட்டுகிறான். இதுவும் வட்டமாக இல்லை, ஒரு பக்கம் புடைத்திருக்கிறது. வைதுகொண்டே அதைத் திரும்பவும் சட்டியில் போடுகிறான். அச்சின் இரண்டு பாதிகளும் சேரவிடாமல் நடுவில் கடுகளவு ஈயப் பிசிறு மினுங்குவதை மனைவி ஆர்லீன் பார்க்கிறாள். “அந்த அச்சுல...” “வாயை மூடு. பொட்டைக் கண்ணை வச்சுக்கிட்டு எனக்குச் சொல்ல வந்துட்டா.” அவள் காபியை ஒரு வாய் உறிஞ்சுகிறாள். “அச்சுல ஒண்ணுமில்ல, வெர்ன். உன் கைதான் நடுங்குது. உங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில நான்தானே ஊட்டிவிட்டேன்.” அவன் கையுறையைக் கழற்றி, கையை வெளிச்சத்தில் நீட்டிப் பார்க்கிறான். அதுவரை நடுங்காத கை இப்போது நடுங்குகிறது.