உறை கழற்றாத வயலின்

“இது வயலினா, விறகா டீச்சர்? போன வருசம் புத்தம் புதுசா...”

“பிள்ளைங்க தினமும் வாசிக்கிறாங்க சேர், அதனாலதான்...”

“...கையில குடுத்தோமே, இப்படியா கீறி வைப்பாங்க?”

கல்வி நிதியத்தின் செயலாளர் ஜனார்த்தனன் வயலினைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சங்கீத ஆசிரியை சஞ்சீவனி மற்ற வயலின்களையும் எடுத்து மேசையில் வைத்தாள். பாதி வயலின்களில் தந்தி அறுந்து கிடந்தது. இந்த வருட உதவி கிடைக்காவிட்டால் மஹய்யாவப் பாடசாலைப் பிள்ளைகளின் வகுப்பு நின்றுவிடும்.

“தந்தி மாத்தவாவது உதவுங்க சேர்.”

“உதவியெல்லாம் பொருளைப் பாதுகாக்கிற பாடசாலைக்குத்தான். பல்லேகலப் பக்கம் ஒரு ஸ்கூலுக்கும் இதே வயலின்தான் குடுத்தோம். போய்ப் பாருங்க, பொலித்தீன் உறைகூடக் கழற்றாம அலுமாரியில பூட்டி வச்சிருக்காங்க. இந்த வருசம் அவங்களுக்குத்தான்.”

“அப்ப அங்க யாருமே வாசிக்கிறதில்லையா?”

செயலாளர் செருமினார். அதுவரை அதட்டிய குரல் சட்டென்று குழைந்தது.

“அதுக்காகத்தானே நானே வந்தேன். சனிக்கிழமை அவங்களுக்கு விருது குடுக்கிறோம். வரவேற்புக்கு வாசிக்க அங்க ஒரு பிள்ளைக்கும் தெரியாது. உங்க பிள்ளைங்கள அனுப்பிருங்க.”

வாசல்வரை போனவர் ஏதோ நினைவு வந்தவராய்த் திரும்பினார்.

“வயலின் கொண்டு வர வேணாம் டீச்சர், உங்களோடது படத்துல நல்லா இருக்காது. அவங்களோடத வாங்கி வாசிச்சிட்டு, கீறாம திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க.”