லீபானின் பெயர்

உள்நாட்டுப் போர் ஓய்ந்த மொகதிசுவில், முன்னோர் பெயர்களை நினைவிலிருந்து நீக்கும் மருத்துவமனைக்கு முதல் ஆளாகப் போனவர் வர்சாமே. அவருடைய ஒரே மகன் லீபானைச் சாலையில் மறித்து, முன்னோர் பெயர்களை வரிசையாகச் சொல்லவைத்து, எந்தக் குலம் என்று அறிந்துதான் சுட்டுக் கொன்றிருந்தார்கள். இனி எந்தப் பிள்ளைக்கும் அந்தக் கதி வராது என்ற நிம்மதியோடு வீடு திரும்பினார்.

மறுநாள் மனைவி ஹோதனோடு மகனை அடக்கிய கபருக்குப் போனார். துஆ கேட்கக் கையேந்தியவர் பாதியில் திகைத்து நின்றார்.

"ஹோதன், நம்ம பையன் பேரு என்ன?"

லீபான் என்பது வர்சாமேயின் தந்தை பெயர். பேரனுக்கும் அதையே வைத்திருந்தார்கள். முன்னோர் பெயர்களோடு அதுவும் போய்விட்டது.

"லீபான்" என்றாள். அவர் திருப்பிச் சொன்னார். சொன்ன உடனே மறந்துபோனது.

"நாளைக்கு என்னையும் அந்த ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க. உங்க வம்சத்துப் பேரெல்லாம் எனக்கும் தெரியும்ல?" என்றாள் ஹோதன்.

வர்சாமே மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

"அதுவரைக்கும் சொல்லிக்கிட்டே இரு."

விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல அவள் கூப்பிடத் தொடங்கினாள்.