இருபதாம் டோக்கன்

"ஏ ஜெனி! இன்னா பண்ணிக்கினு கீற?"

ஸ்கேன் அறைக் கதவைத் திறந்த டெக்னீஷியன் ஜானட் போட்ட சத்தத்தில், ராயபுரம் ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

கால் தரையில் எட்டாமல் பெஞ்சில் உட்கார்ந்து, பட்டர் பன்னைக் கடித்துக்கொண்டிருந்தாள் ஜெனி. கன்னமெல்லாம் வெண்ணெய்.

"பசிச்சிதுக்கா..."

"ஈரல் ஸ்கேனுக்கு மூணு மணி நேரம் வெறும் வயிறா இருக்கணும்னு எத்தினி வாட்டி சொன்னேன்? அடுத்தது இருபது, உன் டோக்கன்தான். அஞ்சு நிமிஷம் தாங்கலையா?"

ஜானட் கொதித்ததில் நியாயம் இருந்தது. ஜெனிக்கு இருபத்தேழு வயது. சின்ன வயதில் வளர்ச்சி ஹார்மோன் சுரக்காமல் போய், உயரம் நாலடியோடு நின்றுவிட்டது. இந்தக் குறை உள்ளவர்களுக்கு, ஒரு சொட்டு குடிக்காவிட்டாலும் ஈரலில் கொழுப்பு சேரலாம். ஜெனிக்குப் போன வருடமே சேர்ந்திருந்தது. கூடியிருக்கிறதா, ஈரல் இறுகியிருக்கிறதா என்று இன்றைக்குப் பார்க்க வேண்டும். அவளுடைய ஒடுங்கின மார்புக்கூட்டுக்குப் மிஷினில் மாட்டுகிற பெரியவர்களின் கருவி சரிப்படாதென்று, குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து சின்னக் கருவியை இரவல் வாங்கி வந்திருந்தாள் ஜானட்.

அத்தனையும் ஒரு பன்னில் போச்சு!

"ஆளுதான் சின்னதுன்னு நெனச்சேன், புத்தியும் அப்படித்தான் இருக்கு" என்று உதட்டைச் சுழித்தாள், பக்கத்தில் இருந்த ஜெயக்கொடி.

"டோக்கன் கேன்சல். அடுத்த மாசம் வா!" என்ற ஜானட், அதே வேகத்தில் கூப்பிட்டாள். "இருபத்தொண்ணு! வெள்ளத்துரை!"

ஜெயக்கொடிக்குச் சுழித்த உதடு அப்படியே நின்றது.

"ஏங்க, எந்திரிங்க! நம்மளத்தான் கூப்பிடுதாக!"

மணலியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அவள் கணவர், பித்தப்பைக் கல் வலியில் சுருண்டு கிடந்தார். ஈரல் ரிப்போர்ட் வராமல் நாளைக்கு ஆபரேஷன் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் டேங்கர் லாரி நெரிசலில் மாட்டி வந்து சேர்வதற்குள், இருபது டோக்கனும் தீர்ந்திருந்தது. ஜெயக்கொடி மூன்று தடவை அழுது கெஞ்சியும் ஜானட் மசியவில்லை; யாராவது வராமல் போனால் பார்க்கலாம் என்று, இருபத்தொன்றாவதாகப் பெயரை மட்டும் எழுதிக்கொண்டாள். மாதம் ஒருநாள் வருகிற மிஷின். இருபது பேர் முடிந்ததும் வேனில் ஏற்றி மீஞ்சூர் முகாமுக்கு அனுப்பியாக வேண்டும்.

ஸ்கேன் முடிந்தது. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் டாக்டர் அறைக்கு ஓடினார்கள்.

ஜானட் வெளியே வந்தால், ஜெனி இன்னும் போகவில்லை.

"அக்கா, அவருக்கு ரிப்போர்ட் குட்த்துட்டியா? ஈரல் நல்லா கீதா?"

ஜானட் அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். குரல் இறங்கிப்போனது.

"அடிப்பாவி... அதுக்கா துன்ன? டோக்கன அவருக்குத் தரேன்னு எங்கிட்ட சொல்றதுதானே?"

"சொன்னா வுட்டுருப்பியா? போன மாசம் டோக்கன வித்துட்டானுங்கன்னு, யாருக்கும் மாத்தக் கூடாதுன்னு போர்டு மாட்டினதே நீதானே."

"உன் ஒடம்பு இன்னாடி ஆவறது?"

"ஒரு மாசத்துல என் ஈரல் எங்கியும் ஓடிப்பூடாதுக்கா. அவரு வலி அப்டி இல்லியே."

ஜானட் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாரு முன்னாடியும் அந்தத் திட்டு திட்டினேனே... அந்தம்மா வேற. ஒரு வார்த்த திருப்பிப் பேசியிருக்கக் கூடாதா?"

ஜெனி கன்னத்து வெண்ணெயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பேசினா மாட்டிக்கினு இருப்பேனே! வேற யாரு துன்னிருந்தாலும், வேணும்னே துன்னாங்கன்னு கண்டுபுடிச்சிருப்ப. என்னியப் பாத்தா மட்டுந்தான்க்கா, 'பாவம் கொயந்த, பசி தாங்கல'ன்னு எல்லாரும் நம்புவாங்க!"