பாறுக்குஞ்சு வளர்ந்த வீடு

வீட்டை ஒட்டிய கூண்டில் வளர்க்கச் சொல்லி வனத்துறை பாறு கழுகுக் குஞ்சைக் கொடுத்த நாள் முதல், நஞ்சப்பனும் துளசிமணியும் வீட்டில் வாய் திறக்கவில்லை. மனிதக் குரல் பழகிய குஞ்சு காட்டில் பிழைக்காது என்பதால், குஞ்சு வளர்க்கும் வீடுகளில் எல்லாம் கைச்சாடைதான். கல் உடைத்துவிட்டு அலுத்து வரும் நஞ்சப்பனுக்கு அது சுகமாகக்கூட இருந்தது.

இன்று சோதனை. மோயாற்றுப் பாறை மேல் கூண்டைத் திறந்துவிட்டு வனத்துறைக்காரி சொன்னாள்: "ரெண்டு பேரும் சத்தமாப் பேசுங்க. பயந்து பறந்துட்டா காடு. உங்ககிட்ட வந்துட்டா ஆயுசுக்கும் கூண்டுதான்."

நஞ்சப்பன் பேசினான், கையால். துளசிமணியும் கையாலேயே பதில் சொன்னாள்.

"அட, வாயால பேசுங்கம்மா!"

நஞ்சப்பன் தொண்டையைச் செருமினான். "ஏம்புள்ள, ரசத்துல உப்பே இல்ல."

குஞ்சு தலையைச் சாய்த்து அவனை நோக்கி ஓரடி வைத்தது. அவனுக்கு உயிரே போய்விட்டது.

"என்னைக்கு ரசத்துல?" என்றாள் துளசிமணி.

"மழைக்காலத்துல இருந்தேதான்."

"அடப் பாவி மனுசா! உப்பில்லைன்னு காட்ட ஒரு சாடை கெடைக்கலியா உங்களுக்கு?"

அவள் குரல் எதிர்மலையில் மோதித் திரும்பியது. குஞ்சு மிரண்டு, சிறகை விரித்து, ஒரே பாய்ச்சலில் காற்றில் ஏறிப் போனது. நஞ்சப்பன் தலைத்துண்டை அவிழ்த்து வீசிக் கூத்தாடினான்.

"அடுத்த குஞ்சு தயாரா இருக்கு. நாளைக்கே அனுப்பட்டுமா?" என்றாள் வனத்துறைக்காரி.

துளசிமணி புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு மாசம் போகட்டுங்க. இந்த மனுசன்கிட்ட நான் இன்னும் பேச ஆரம்பிக்கவே இல்ல."